இருபத்தேழாம் நம்பர் மூடி

செல்வினைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை இந்தத் தூத்துக்குடியில் நான் பார்த்ததில்லை. இதை அவன் முகத்துக்கு நேராகவே பல தடவை சொல்லியிருக்கிறேன். சிரித்துக்கொண்டே போய்விடுவான்.

என் பெயர் செந்தூர்பாண்டி. துறைமுகத்துக்குப் போகிற சாலையில் முப்பது வருஷமாக ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். கடைக்குப் பின்னால் தகரம் போட்ட கொட்டகை ஒன்று உண்டு. அதில்தான் செல்வின் வாடகைக்கு வந்து பட்டறை போட்டான். சொந்த ஊர் நாசரேத். அப்பா அம்மா இரண்டு பேரும் மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார்கள். பிள்ளையும் வாத்தியாராவான் என்று அவர்கள் நினைத்திருக்க, இவன் ஐ.டி.ஐ. முடித்துவிட்டுக் கோயம்புத்தூருக்குப் போய்ப் பன்னிரண்டு வருஷம் டை வேலை பார்த்தான். டை என்றால் பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றுகிற இரும்பு அச்சு. எண்ணெய் பாட்டில் மூடி, தண்ணீர் கேன் மூடி என்று நாம் திருகித் தூக்கி எறிகிற எல்லாவற்றுக்கும் ஓர் அச்சு வேண்டும். அதை மயிரிழை பிசகாமல் வெட்ட ஓர் ஆள் வேண்டும். செல்வின் அந்த ஆள்.

கை அப்படி. மனசு வேறு மாதிரி. பட்டறையைப் பூட்டிவிட்டு என் கடை வாசல் வரை வருவான், நிற்பான், திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பான். மறுபடி வருவான். மெயின் சுவிட்சை அணைத்தோமா என்று கேட்பான், என்னமோ நான்தான் அணைத்த மாதிரி. கண்டெய்னர் லாரி வருகிற சாலையைக் கடக்க அவனுக்குக் கால் மணி நேரம் ஆகும். கல்யாண வீட்டில் பந்தலுக்கு அடியில் உட்காரமாட்டான், மேலே மின்விசிறி கட்டியிருந்தால். அவன் மனைவி ஈவாஞ்சலின் நர்ஸ் வேலை பார்க்கிறவள், தைரியசாலி. அவள்கூட ஒரு தடவை என்னிடம், "இவங்களைக் கெட்டிக்கிட்டதுல ஒரு நன்மை உண்டு அண்ணாச்சி. எங்க வீட்டுல இதுவரை ஒரு குக்கர்கூட அடிப்பிடிச்சது கிடையாது" என்றாள்.

எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளிச் சந்தனமாரியின் சிப்பிக் கொட்டகை இருக்கிறது. கடலிலிருந்து வருகிற சோழி, சிப்பி எல்லாம் மேலே சுண்ணாம்புப் பாசி பிடித்துக் கறுப்பாக இருக்கும். ஆசிட்டில் ஒரு முக்கு முக்கி எடுத்துக் கழுவினால்தான் அந்தப் பளபளப்பு வெளியே வரும். திருச்செந்தூரில் நீங்கள் வாங்குகிற சோழி மாலை, சிப்பி விளக்கு எல்லாம் இப்படிக் குளித்து வந்ததுதான். ஆசிட் பெரிய கேனில் வரும். அதைச் சின்னத் தண்ணீர் கேன்களில் ஊற்றி ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்வார்கள். குடிக்கிற தண்ணீரும் அதே மாதிரிக் கேனில்தான் இருக்கும். நிறமும் ஒன்று, மூடியும் ஒன்று. அங்கே வேலை செய்கிறவர்களுக்கு எது எதுவென்று தெரியும். தெரியும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள், பிளாரன்ஸ் மாற்றிக் குடிக்கிறவரை.

பிளாரன்ஸ் மணப்பாட்டுக்காரி. நல்ல பாட்டுக்காரி, மாதா கோயிலில் முன்வரிசையில் நின்று பாடுகிறவள். வெயிலில் தாகத்தோடு வந்து கேனைத் தூக்கி அண்ணாந்து ஒரு மடக்குக் குடித்துவிட்டாள். அன்றைக்கு அந்தத் தெரு வழியாகப் போன செல்வின்தான் அவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனான். பிழைத்துக்கொண்டாள். ஆனால் தொண்டை போயிற்று. இப்போது அவள் பேசினால் மரத்தை உப்புத்தாளால் தேய்க்கிற சத்தம்தான் வரும்.

செல்வின் பத்து நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஆட்டோவில் அவள் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு கத்த முயன்றதை என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னான். பாதியில் நிறுத்திவிட்டான்.

சந்தனமாரி என் கடைக்கு வந்து கேனுக்குச் சங்கிலியும் பூட்டும் வாங்கிப் போனாள். பத்தே நாளில் ஆசிட் ஆவி பட்டுப் பூட்டு பொரிந்து உதிர்ந்துவிட்டது. "நீங்க குடுத்த பூட்டைப் பாருங்க அண்ணாச்சி, முறுக்கு மாதிரி நொறுங்குது" என்று என் மேஜைமேல் கொட்டிவிட்டுப் போனாள். செல்வின் அந்தத் துருவை விரலால் கிளறிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

"இரும்பு ஆகாது அண்ணாச்சி. மூடியே பூட்டா இருக்கணும்" என்றான்.

அப்படித்தான் அந்த மூடி பிறந்தது. எட்டு மாசம். சொன்னால் எளிதுதான்: மூடிக்குள் மூடி. உள்மூடி கேனில் திருகியிருக்கும். வெளிமூடி அதன்மேல் சும்மா சுற்றும், எத்தனை சுற்றுச் சுற்றினாலும் திறக்காது. நடுவில் இருக்கிற பள்ளத்தில் இரண்டு பல் வைத்த சாவியை அழுத்தினால்தான் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு திரும்பும். சாவியும் பிளாஸ்டிக். துருவில்லை, ஸ்பிரிங் இல்லை. அதை வரைந்து, அழித்து, வெட்டி, மறுபடி வெட்டி, அவன் பட்ட பாடு எனக்குத் தெரியும். பிள்ளைகள் பல்லால் கடித்தால்? கேன் கவிழ்ந்தால்? வண்டியில் கொண்டுபோகும்போது குலுங்கினால்? வெயிலில் மூடி இளகினால்? என்னென்ன நடக்கலாம் என்று இரண்டு நோட்டு நிறைய எழுதிவைத்து, ஒவ்வொன்றாகச் சோதித்துக் கோடு போட்டான். அவன் பயமெல்லாம் முதல்முறையாக ஒரு காரியத்துக்கு ஆகிறதே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

முதலில் செய்த மூடியில் இலேசாக ஆசிட் வாடை வந்தது. சந்தனமாரி மூக்கைப் பொத்திக்கொண்டாள். நான்தான் கடையிலிருந்து ஒரு ரப்பர் வளையத்தை எடுத்துக் கொடுத்து, "இதை உள்ள போடுலே, காத்துகூட வராது" என்றேன். போட்டான். வாடை நின்றது. தெருவே பாராட்டியது.

நாற்பது மூடி செய்தோம். அதற்கு முன்னால் அச்சைச் சோதிக்க ஊற்றிய ஒரே ஒரு மாதிரி மூடியை என் கடை மேஜை டிராயரில் போட்டுவைத்தேன். நாற்பதிலும் செல்வின் தன் கையால் கூர்முனைக் கருவியால் நம்பர் கீறினான். என் கையில் ஒரு நோட்டைக் கொடுத்து, "யார் வாங்கினாலும் பேரும் போன் நம்பரும் எழுதிக்கிடுங்க அண்ணாச்சி. மறக்காதீங்க" என்றான்.

"ஏலே, மூடி விக்கேனா, நிலம் பதியுதேனா?" என்று கேட்டேன். ஆனாலும் எழுதினேன். முப்பத்தொன்பது மூடிக்கு எழுதினேன்.

மிச்சம் ஒன்றுக்கு ஏன் எழுதவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். தசரா சமயம். குலசேகரன்பட்டினத்துக்கு மாலை போட்டவர்கள் வேஷம் கட்டிக்கொண்டு ஊர் ஊராகக் காணிக்கை எடுக்கிற நாட்கள். தப்பும் தாரையும் முழங்க ஒரு கூட்டம் என் கடைக்கு வந்தது. முன்னால் காளி. தலையில் கிரீடம், முகமெல்லாம் சிவப்பும் கறுப்பும், வாயில் பல்லும் தொங்குகிற நாக்கும், முதுகில் மரக் கைகள். காணிக்கை போட்டேன். நெற்றியில் குங்குமம் வைத்துவிட்ட காளியின் கண் கடையில் தொங்கிய மூடியில் நின்றது. அது என்ன என்று கேட்டது. சொன்னேன். பொய்நாக்கைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, "எனக்கு ஒண்ணு வேணும். வீட்டுல ஆசிட் கேன் கிடக்கு. பிள்ளையள் சின்னது" என்றது.

வேஷம் கட்டி விரதத்தில் நிற்கிறவர் எங்களுக்கு ஆள் இல்லை, அம்மன். அம்மன் வாய் திறந்து ஒன்று கேட்டால் இல்லையென்று சொல்கிற வழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது. இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தேன். காளியிடம் போய்ப் பெயர் என்ன, போன் நம்பர் என்ன என்று எந்த வாயால் கேட்பது? நோட்டில் இருபத்தேழாம் நம்பருக்கு நேராக "அம்மன்" என்று எழுதினேன். புண்ணியம் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

தசரா முடிந்து இரண்டாவது வாரம், செவ்வாய்க்கிழமை காலையில் பிளாரன்ஸ் என் கடைக்கு ஓடிவந்தாள். செல்வின் அப்போது என் கடையில்தான் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, கேனு வயிறு வீங்கிக் கிடக்கு" என்று அந்தத் தேய்ந்த குரலில் சொன்னாள். "சாவி போட்டுப் பாத்தேன். திரும்பமாட்டேங்குது."

செல்வின் டீ கிளாஸைக் கீழே வைக்க இடம் தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றான்.

"எத்தன தடவ போட்டுப் பாத்தே?"

"ரெண்டு தடவ. மேல குனிஞ்சு அழுத்திப் பாத்தேன்."

அவன் அப்படியே பெயின்ட் டப்பா மேல் உட்கார்ந்துவிட்டான். அவன் முகத்தில் அப்போது கண்டதை நான் இன்னும் மறக்கவில்லை. அந்தக் கேனுக்கு மேல் அவள் முகம் இரண்டு தடவை குனிந்திருக்கிறது. ஏற்கெனவே தொண்டையைப் பறிகொடுத்தவள்.

போய்ப் பார்த்தோம். கொட்டகை மூலையில், தகரத்தின் வழியாக வெயில் விழுகிற இடத்தில் அந்தக் கேன் இருந்தது. நாலு பக்கமும் உப்பி, அடிப்பாகம் உருண்டு, தரையில் நிற்க முடியாமல் இலேசாக ஆடிக்கொண்டிருந்தது. மூடி நடுவில் குமிழாக எழும்பியிருந்தது. ஆசிட் அப்படி வீங்காது என்று செல்வினுக்குத் தெரியும். "இதுல என்ன ஊத்தினிய?" என்று சந்தனமாரியைக் கேட்டான்.

"ஆசிட்தான். வேற என்னத்த ஊத்த? சனிக்கிழமை சாயங்காலம் மிச்சத்தை வடிச்சு ஊத்தி வச்சோம். ரெண்டு நாளா கல்யாணத்துக்குப் போயிட்டோம்லா."

அந்த 'மிச்சம்'தான் விஷயம். சிப்பி முக்கிய பழைய ஆசிட்டைக் கீழே கொட்டமாட்டார்கள். அதில் இன்னும் காரம் இருக்கும். மறுநாள் முதல் முக்குக்கு ஆகும் என்று திரும்பக் கேனில் ஊற்றிவைப்பார்கள். அதோடு சிப்பித் தூளும் சில்லுமாக ஒரு கைப்பிடி உள்ளே போகும். சுண்ணாம்பும் ஆசிட்டும் சேர்ந்தால் நுரைத்து வாயு கிளம்பும். பழைய மூடி தொளதொளவென்று இருந்தவரைக்கும் வாயு தன் பாட்டுக்குக் கசிந்து போய்க்கொண்டிருந்தது. வாடை அடித்தது, அவ்வளவுதான். செல்வின் எப்போதும் காலை நேரத்தில்தான் அங்கே போய்ப் பார்ப்பான். சாயங்காலம் திரும்ப ஊற்றுகிற வழக்கத்தை அவன் கண்டதில்லை, யாரும் சொன்னதும் இல்லை. இரண்டு நோட்டு நிறையப் பயந்தவனுக்கு இந்த ஒன்று மட்டும் தோன்றாமல் போய்விட்டது. காற்றுகூட வராது என்று ரப்பர் வளையத்தை எடுத்துக் கொடுத்தவன் நான்.

"எல்லாரும் வெளிய போங்க. ரோட்டுக்குப் போங்க" என்றான் செல்வின். சந்தனமாரி அசையவில்லை. "மூடியைத்தானே திறக்கணும், நீரு திறந்து விடும்" என்றாள். "அக்கா, அது தெறிச்சா உங்க மூஞ்சி இருக்காது" என்று அவன் சொன்னபிறகுதான் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

தீயணைப்புக்குப் போன் போட்டோம். வேறோர் இடத்தில் இருக்கிறோம், வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கேன் ஆடுவதும் கூடிக்கொண்டிருந்தது.

செல்வின் என்னிடம் கேட்ட பொருட்கள் இவை: நீளமான ஓஸ் பைப்பு, பத்துச் சாக்கு, ஒரு பிளைவுட் பலகை, முருங்கைக்காய் பறிக்கிற துறட்டிக் கம்பு, ஒரு நாலு அங்குல ஆணி. முதலில் தூரத்தில் நின்றபடி ஓஸால் கேன்மேல் தண்ணீர் அடித்தான். நனைந்த சாக்குகளைக் கம்பு நுனியில் மாட்டி ஒவ்வொன்றாகக் கேனைச் சுற்றிப் போட்டான், மூடியை மட்டும் விட்டு. பிறகு துறட்டியின் நுனியில் ஆணியைக் கம்பியால் கட்டி, கியாஸ் அடுப்பில் சிவக்கக் காய்ச்சினான். சாவி நுழைகிற பள்ளத்தின் அடி மூடியிலேயே மெல்லிய இடம். அந்தத் தகடு எத்தனை மில்லி என்று உலகத்தில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

நான் அவனிடம், "ஏலே, நீ விடு. ஃபயர் சர்வீஸ்காரன் வரட்டும்" என்றேன்.

"அதுக்குள்ள வெடிச்சா, அண்ணாச்சி, பக்கத்துச் சுவத்துக்கு அந்தப் பக்கம் பால்வாடி இருக்கு" என்றான்.

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. பிள்ளைகள் பாட்டுப் படிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. பிளாரன்ஸ் ஓடிப்போய் ஆயாவிடம் சொல்லி, பிள்ளைகளைத் தெருமுனைக்குக் கூட்டிப்போகச் சொன்னாள். இருபது பிள்ளைகள், செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு கிளம்ப எவ்வளவு நேரம் ஆகும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

செல்வின் மழைக்கோட்டும் வெல்டிங் முகமூடியும் போட்டுக்கொண்டு பலகைக்குப் பின்னால் நின்று துறட்டியை நீட்டினான். பயமில்லாத ஆள் மாதிரியெல்லாம் அவன் நிற்கவில்லை. தொடை நடுங்குவது மழைக்கோட்டுக்கு மேலேயே தெரிந்தது. ஏதோ ஜெபம் முணுமுணுத்துக்கொண்டிருந்தான். முதல் தடவை ஆணி மூடியில் பட்டு வழுக்கியது. கேன் ஆடியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன், சொல்வதில் என்ன வெட்கம். இரண்டாவது தடவை ஆணி ஆறிப்போய்விட்டது. திரும்ப வந்து காய்ச்சினான். மூன்றாவது தடவை பள்ளத்தில் ஆணி இறங்கியது. பிளாஸ்டிக் கருகுகிற வாடை வந்தது. பிறகு ஒரு சீறல். நுரையோடு ஆசிட் பீய்ச்சி அடித்துச் சுவரில் பட, சுவர்ச் சுண்ணாம்பு பொங்கி வழிந்தது. கேன்மேல் குனிந்து பார்த்தால் முகம் இருக்கிற உயரத்தில்தான் பட்டது. சீறல் நிற்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. கேன் மெல்ல மெல்லச் சுருங்கிப் பழைய உருவத்துக்கு வந்தது. செல்வின் முழங்கையில் நாலைந்து சொட்டுப் பட்டுத் தோல் வெந்திருந்தது. அதுகூட அவனுக்குத் தெரியவில்லை.

சந்தனமாரி அழுதாள். பிளாரன்ஸ் சிலுவை போட்டுக்கொண்டாள். நான் அவன் தோளைப் பிடித்து, "ஜெயிச்சிட்டலே" என்றேன். அவன் முகமூடியைக் கழற்றினான்.

"அண்ணாச்சி, மத்த முப்பத்தொம்பது?" என்றான்.

அன்றைக்கு மத்தியானமே நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். போன் செய்து, அலைந்து, வீடு வீடாகப் போய்க் கழற்றினோம். படகு வைத்திருந்த அம்புரோஸிடம் இரண்டு, பாத்ரூம் ஆசிட் விற்கிற பாண்டியராஜிடம் ஆறு, இப்படி. திரும்ப வாங்கின ஒவ்வொன்றுக்கும் பதிலாகச் சாதாரண மூடி ஒன்றைக் கொடுத்து, மன்னிப்புக் கேட்டான் செல்வின். ஒவ்வொருவரிடமும் எதை ஊற்றுகிறீர்கள், திரும்ப எதை ஊற்றுகிறீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டான். ஒன்பது நாளில், ஆணி இறங்கிய அந்த மூடியோடு சேர்த்து, முப்பத்தொன்பது மூடி அவன் மேஜைமேல் வரிசையாக இருந்தது. இருபத்தாறுக்கும் இருபத்தெட்டுக்கும் நடுவில் ஒரு மூடி அளவுக்கு இடம் விட்டிருந்தான்.

நோட்டில் "அம்மன்" என்று இருப்பதைப் பார்த்து, "இது யாரு அண்ணாச்சி?" என்று கேட்டான். சொன்னேன். பிள்ளைகள் சின்னது என்று காளி சொன்னதையும் சொன்னேன். அதை மட்டும் சொல்லாமல் விட்டிருக்கலாம். அவன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

குலசேகரன்பட்டினத்துக்குப் போனோம். தசராக் குழுக்கள் ஒவ்வொன்றாக விசாரித்தோம். "காளி வேசம் மட்டும் எத்தன ஆயிரம் பேரு கெட்டுதான் தெரியுமா? உங்க காளிக்கு எத்தன கை?" என்று கேட்டான் ஒருவன். எட்டா பத்தா என்று எனக்கு ஞாபகமில்லை. தப்படித்தவன் முகமும் ஞாபகமில்லை. முகத்தில் பூசிய சாயத்துக்கு அடியில் இருந்த ஆள் கறுப்பா சிவப்பா என்றுகூட எனக்குத் தெரியாது.

செல்வின் பட்டறையைத் திறக்கவில்லை. என் கடை வாசலில் நின்று, சாலையில் போகிற வண்டிகளில் கேன் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பான். ஒரு மாசம் கழித்து ஈவாஞ்சலின் கடைக்கு வந்தாள். அந்தத் தைரியசாலி என் முன்னால் நின்று அழுதாள்.

"தூங்கி எத்தன நாளாச்சு தெரியுமா அண்ணாச்சி? டாக்டர் மாத்திரை குடுத்தாச்சு, சர்ச்சுல இருந்து ஐயர் வந்து ஜெபம் பண்ணியாச்சு. ஒண்ணும் கேக்கல. யாரோ வீட்டுப் பிள்ளை திறக்கப் பாக்குதுன்னே சொல்லுதாங்க. எப்படியாவது அந்தக் காளியக் கண்டுபிடிச்சுக் குடுத்துருங்க."

அவள் போனபிறகு டிராயரைத் திறந்தேன். அந்த மாதிரி மூடி கிடந்தது, நம்பர் போடாதது. ஒரு ஆணியை எடுத்து, செல்வின் எழுதுகிற மாதிரியே சாய்த்து, இரண்டும் ஏழும் கீறினேன். பழசாகத் தெரியட்டும் என்று ஆசிட் துணியால் துடைத்தேன்.

அவன் வீட்டுக்குப் போய், "கிடைச்சிட்டுலே" என்றேன்.

கையில் வாங்கி நம்பரைப் பெருவிரலால் தடவிப் பார்த்தான். "எங்கன? யாரு? பிள்ளையள் நல்லா இருக்கா?"

"ஆத்தூர்ப் பக்கம். எலெக்ட்ரீசியன். ரெண்டு பிள்ளையள். நல்லா இருக்கு, ஓடிப்பிடிச்சு விளையாடுது" என்றேன். எனக்கு அத்தனை சுலபமாகப் பொய் வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

செல்வின் அந்த மூடியை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, "கர்த்தர் காத்தாரு" என்று அழுதான். மறுநாள் பகல் பன்னிரண்டு மணி வரை தூங்கினான் என்று ஈவாஞ்சலின் போன் பண்ணிச் சொன்னாள். வாரம் முடியுமுன் பட்டறையைத் திறந்துவிட்டான். இப்போது வாயு போகிற வழி வைத்துப் புது மூடி செய்கிறான். நன்றாக விற்கிறது. பிளாரன்ஸ் சாவியைச் செபமாலையோடு சேர்த்துக் கழுத்தில் போட்டிருக்கிறாள். செல்வின் ஒரு சுற்றுப் பெருத்திருக்கிறான் என்றுகூடச் சொல்லலாம்.

நான்தான் தூங்குவதில்லை. காலையில் பேப்பர் வந்ததும் உள்பக்கத்துச் சின்னச் செய்திகளை முதலில் படிக்கிறேன். ஆஸ்பத்திரி வண்டி போனால் எந்தப் பக்கம் போகிறது என்று எழுந்து பார்க்கிறேன். சரக்கு வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் உடன்குடி, சாத்தான்குளம் பக்கம் தெருத்தெருவாகப் போகிறேன். கடைக்கு வருகிற ஒவ்வொரு ஆண்பிள்ளையின் முகத்திலும் சிவப்பும் கறுப்பும் பூசிப் பார்க்கிறேன். பிள்ளைகள் இருக்கிறதா என்று கேட்டால் சிலர் கோபித்துக்கொள்கிறார்கள். அந்தக் காளி மறுபடி வேஷம் கட்டி வரத் தசராவுக்கு இன்னும் நாலு மாசம் இருக்கிறது. அதுவரை அந்த வீட்டில் யாரும் பழைய ஆசிட்டைத் திரும்ப ஊற்றக்கூடாது.

நேற்றுக் கடையைப் பூட்டிவிட்டுக் கொஞ்ச தூரம் போனவன், நின்று, திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்தேன். மறுபடி ஒரு தடவை பார்த்தேன். பட்டறை வாசலில் நின்றிருந்த செல்வின் சிரித்தான்.

"என்ன அண்ணாச்சி, என்னைய மாதிரி ஆயிட்டிய? இப்படிப் பயந்தா எப்படி?" என்றான்.